ஒன்பதாம் பெட் பாயும் என் வயிறும்

அடுத்தவர் வயிற்றுக்காக ரவுண்ட்ஸ் பாய் அளவுக்குக் கவலைப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் இருக்க முடியாது. பெற்ற தாய்கூட அவருக்கு அடுத்த இடம்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன், செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வெடித்துப்போன என் குடல்வாலை அறுத்தெடுத்துவிட்டு ஆண்கள் வார்டில் போட்டிருந்தார்கள். எனக்குப் பத்தாம் பெட், பாய்க்கு ஒன்பதாம் பெட். தாராவியில் தோல்பை தைக்கிறவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சர்க்கரையால் காலில் ஆறாத புண். வாரக்கணக்கில் படுத்திருக்கிறார் என்று கேஸ் பேப்பர் சொல்லும். ஆளைப் பெட்டில் பார்க்கவே முடியாது. காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சக்கர நாற்காலியில் ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருப்பார்.

டாக்டர்கள் வருவதற்குள் வார்டு முழுவதையும் பார்த்து முடித்துவிடுவார். யாருக்குக் காய்ச்சல் விட்டது, யாருக்கு மூத்திரம் குறைவு, யார் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்தார் என்று ஹிந்தியில் மளமளவென்று ஒப்பிப்பார். எப்போதும் ஓட்டத்திலேயே இருக்கும் டாக்டரம்மா அதைக் கேட்டபடியேதான் எழுதுவார். மூன்றாம் பெட்டுக்காரரின் கால் திடீரென்று வீங்கியதை முதலில் கண்டுபிடித்ததே பாய்தானாம். ஆனால் அவர் போர்வைக்குள் எப்போதும் ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் இருக்கும்.

"பாய், உங்களுக்குச் சர்க்கரையாச்சே?"

"ரவுண்ட்ஸ் போறவனுக்கு டயட் கெடையாது, அண்ணாச்சி."

வயிற்றில் ஆபரேஷன் ஆனவனுக்குக் காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை பச்சைத் தண்ணீர் கிடையாது. பாய்க்கு இதைவிடப் பெரிய செய்தி நாட்டிலேயே இல்லை.

"அண்ணாச்சி, காத்து பிரிஞ்சிட்டா?"

"இல்ல பாய்" என்று முணுமுணுப்பேன்.

"இன்னும் பிரியல்லியாம்!" என்று வார்டுக்கே அறிவிப்பார். எதிர்ப் பெட்டுக்காரர் உச்சுக் கொட்டுவார். அவரைப் பார்க்கக் கோவண்டியிலிருந்து வந்த மச்சான், எனக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் மாட்டுங்காக்காரன். எங்கள் வீட்டில் தும்முவதற்கே எழுந்து பால்கனிக்குப் போவோம்.

மூன்றாம் நாள் காலை என் ஆபீஸ் மேனேஜர் மேடம் பூங்கொத்தோடு வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து பாய் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்காவது காத்து..."

"ஆச்சு பாய், ஆச்சு!" அவர் வாயை அடைக்கப் பச்சைப் பொய் சொன்னேன்.

பாய் கைதட்டினார். வார்டே தட்டியது. எதற்கென்று தெரியாமல் மேடமும் தட்டினார்.

பிறகு வந்த டாக்டரம்மா என் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து உதட்டைப் பிதுக்கினார். "ஹோ கயா டாக்டர், பக்கா!" என்று பாய் அடித்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். சரி, இரண்டு ஸ்பூன் தண்ணீர் மட்டும் என்றார்.

மூன்று நாள் பசி. மத்தியானம் மனைவி தனக்காகக் கட்டிக்கொண்டு வந்த இட்லியில் நான்கை நான் தீர்த்தேன்.

சாயங்காலம் வயிறு உப்பி விறைத்துக்கொண்டது. பச்சை பச்சையாக வாந்தி. மனைவி அலறினாள். சக்கர நாற்காலியில் வேறு யாரோ எக்ஸ்ரேக்குப் போயிருந்தார்கள். பாய் கட்டிலிலிருந்து குதித்து, "சிஸ்டர், ஜல்தி ஆவோ!" என்று கத்திக்கொண்டே அந்தப் புண் காலோடு வார்டின் கடைசிவரை ஓடினார். தரையெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

என் மூக்கு வழியாகக் குழாயை இறக்கிவிட்டுப் பெரிய டாக்டர் நிமிர்ந்தார். காற்றுப் பிரிந்ததென்று சொன்னது யார் என்று ஹிந்தியில் கத்தினார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டி ஒன்பதாம் பெட்டைக் காட்டினேன்.

பாய் என்னைப் பார்த்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"ஹாங் சாப், மேரா கல்தி" என்று தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அன்றோடு அவருடைய ரவுண்ட்ஸுக்குத் தடை. மறுநாள் டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பாமலே கடந்து போனார். பிய்ந்துபோன புண்ணுக்குப் புதுக் கட்டோடு, போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு பாய் கிடந்தார். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அதைச் சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, எல்லோரும் டீ குடிக்கும் நேரத்தில், நிஜமாகவே ஆனது. வார்டுக்கே கேட்டது.

"பாய்..." என்றேன்.

"கேட்டுச்சு அண்ணாச்சி. அல்ஹம்துலில்லாஹ்!" அவர் முகமெல்லாம் சிரிப்பு. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டாக்டரம்மாட்ட நீங்களே சொல்லிருங்க. நாஞ் சொன்னா இப்பம் நம்ப மாட்டாவ."

டாக்டரம்மா வந்தார். காற்றுப் பிரிந்ததை மட்டும் சொன்னேன்.

பாய்க்குத் தமிழ் படிக்க வராது. தாராவியில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது அவரைத் தேடிப் பிடித்துப் படித்துக் காட்டுங்கள். பொய் சொன்னது நான்தான் என்கிற இடத்தை மட்டும், அவரைச் சுற்றி நாலு பேர் இருக்கும்போது, நன்றாகச் சத்தம் போட்டுப் படியுங்கள்.