ஃப்ரிட்ஜுக்குள் ஒரு வைஃபை

பயப்படுவதில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். மகள் பெனிட்டாவுக்கும் அதே வயதுதான். அவள் தும்மினால் நான் ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைப்பேன். அப்படிப்பட்ட நான் அவளுடைய இன்டர்வியூவைக் கிட்டத்தட்டக் கொன்ற கதை இது.

படிப்பு முடித்து ஏழு மாதம் வேலை தேடி, ஒரு கம்பெனியில் கடைசிச் சுற்று வரை வந்திருந்தாள். வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில், காலை பதினொரு மணிக்கு. அந்த வாரம் பார்த்து, மௌலா அலியில் எங்கள் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டி, இன்டர்நெட் வயரையும் சேர்த்துத் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

"போன்லயே நெட்டைப் போட்டுக் கொடுத்தா என்னங்க?" என்று கேட்டேன்.

"நக்கோ, வேணாம். நடுவுல உன் தங்கச்சி கூப்பிடுவா, எல்லாம் போயிரும்," என்றார் என் கணவர். (அவர் சொன்னது நியாயம். அவள் கூப்பிட்டால் ஒரு மணி நேரம்.)

பாலாநகரில் தன்னோடு வேலை பார்க்கும் நண்பரிடம் கையடக்க வைஃபை கருவி ஒன்றை வாங்கி வந்தார். சோப்பு டப்பா அளவு. உள்ளே சிம், பேட்டரி. பெனிட்டாவின் அறைக்கு வெளியே சாப்பாட்டு மேசையில் வைத்து, காலை ஏழு மணிக்கே சார்ஜில் போட்டோம்.

பதினொன்றுக்குக் கதவைச் சாத்தும்போது, "மம்மி, லோபலிகி ராவொத்து," என்றாள். உள்ளே வரக் கூடாதாம். தெலுங்கு ஊரில் வளர்ந்தவள், அவளுக்குக் கோபம் தெலுங்கில்தான் வரும்.

நான் போகவில்லை. சும்மா அந்தக் கருவியைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய இட்லித் தட்டு மாதிரி சுட்டது. பேட்டரி சூடாகி வெடித்த வீடியோ ஒன்று முந்தின நாள்தான் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. என் மனக்கண்ணில் மேசை, கதவு, பெனிட்டா என்று வரிசையாகத் தீப்பிடித்தது. யாரையும் தொந்தரவு செய்யாமல் சார்ஜரைப் பிடுங்கினேன். கருவியைத் துண்டில் சுற்றி, ஃப்ரிட்ஜில் மீன் குழம்புக்கும் கொத்தமல்லிக்கும் நடுவில் வைத்து மூடினேன். வயர் இல்லாத சாமான்தானே, எங்கே இருந்தால் என்ன?

சோபாவில் வந்து உட்கார்ந்து ஜெபம் செய்தேன். உள்ளே அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்த இங்கிலீஷ் சட்டென்று நின்றது. "ஹலோ, ஆம் ஐ ஆடிபிள்? ஹலோ?"

என் கணவருக்கு டென்ஷன் வந்தால் தாகம் எடுக்கும். எங்கள் பழைய ஃப்ரிட்ஜின் கதவு கிரீச்சென்று திறந்தது. உள்ளே அருவி மறுபடி கொட்டியது. மூடினார், நின்றது. அவருக்கு இன்னும் டென்ஷன், இன்னும் தாகம். கிரீச், அருவி. மூடல், ஹலோ. என்னுடைய ஜெபம்தான் விட்டு விட்டுப் பலிக்கிறது என்று நினைத்து நான் குரலைக் கூட்டினேன்.

நான்காவது 'ஹலோ'வில் அறைக் கதவு திறந்தது. மேலே கோட், கீழே பூப்போட்ட நைட் பேண்ட், கையில் லேப்டாப். பெனிட்டா நேராக ஃப்ரிட்ஜுக்குப் போய்க் கதவைத் திறந்தாள். துண்டை விலக்கினாள்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் மூன்று முகங்கள் உயிர் பெற்றன. அவர்கள் எதிரே பாதிப் பூசணிக்காய், மீன் குழம்பு, குளித்து வந்த குழந்தை மாதிரி துண்டுக்குள் வைஃபை, பக்கத்தில் சோபாவிலிருந்து ஓடிவந்து கை கூப்பியபடி நான்.

"வாட் இஸ் ஹேப்பனிங்?" என்றார் நடுவில் இருந்த பெரியவர்.

என் மகள் நிதானமாக விளக்கினாள். கதவு கிரீச்சிடும்போதெல்லாம் நெட் வந்ததாம். மூன்று தடவை கவனித்தாளாம். அப்படியானால் கோளாறு கம்பெனி பக்கம் இல்லை, ஃப்ரிட்ஜுக்குள் என்று முடிவு செய்தாளாம்.

பெரியவர் என்னைப் பார்த்து, "மேடம், ஒய் ஃப்ரிட்ஜ்?" என்றார்.

நான் எம்.ஏ. படித்தவள். ஆனால் வாயில் வந்தது, "ஹீட், சார்."

மூன்று பேரும் குலுங்கிச் சிரித்தார்கள்.  பெனிட்டா கருவியோடு அறைக்குள் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வரை என்னோடு எந்த மொழியிலும் பேசவில்லை. நண்பரிடம் அந்தக் கருவி திரும்பிப் போனது கொத்தமல்லி வாசத்தோடு.

பத்து நாள் கழித்து வேலை கிடைத்த கடிதம் வந்தது. "உனக்குத்தான் முதல்ல வேலை கொடுத்திருக்கணும். ஒரே வார்த்தையில பதில் சொன்ன," என்றார் என் கணவர்.

இப்போது அவள் புனேயில் நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் இன்றும் சூடான போனைத் தொட்டால் கண் தானாக ஃப்ரிட்ஜைத் தேடும். ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து வந்ததும் வீடியோவில் பேசுவோம். என் முகம் திரையில் உறைந்து நின்றால், "மம்மி, ஃப்ரிட்ஜ்ல இருக்கீங்களா? டோர் கோலோ," என்பாள்.

நானும் எழுந்து போய்க் கதவைத் திறப்பேன். அது கிரீச்சிடும். அவள் சிரிப்பாள். அதன் கீலுக்கு எண்ணெய் விடக் கிளம்பும் கணவரை இன்றுவரை நான் விட்டதில்லை.