டீகாஸ்

எனக்குக் கோபம் வந்தால் நான் மனிதனாகவே இருக்க மாட்டேன். என் மனைவியைக் கேட்டால், கோபம் வராதபோதும் அப்படித்தான் என்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வந்தது, கல்யாணத்துக்குப் பிறகு வந்ததிலேயே நியாயமான கோபம். அதில்தான் ஏமாந்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் வெளிச்சம் வருவது ஒரே ஒரு ஜன்னல் வழியாக. அந்த ஜன்னல் ஓரம் ஒரு மேஜை. மேஜை மேல் என் கம்ப்யூட்டர். அதன் மானிட்டர் இந்தக் காலத்து அட்டை போல மெல்லிய மானிட்டர் இல்லை. உள்ளே பிக்சர் டியூப் வைத்து, முன்னால் முகமும் பின்னால் கூனுமாக, மேஜையில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பழைய ஆள். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

என் மனைவி அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுக்கிறாள். தையல் மெஷினைத் தரையில் வைத்துக் குனிந்து தைத்து முதுகு போகிறது, மேஜையைக் கொடுங்கள் என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர்ல எனக்கு முக்கியமான வேலை இருக்கு" என்பேன்.

"சீட்டு அடுக்கறதுதானே?"

"அது மூளைக்குப் பயிற்சி."

"இருக்கறவங்களுக்குத்தான் பயிற்சி வேணும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கொள்வாள்.

இந்த நிலையில்தான் மானிட்டரின் வலது மூலையில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு வந்தது. முதலில் கட்டைவிரல் அளவு. பிறகு உள்ளங்கை அளவு. ஞாயிறு காலை பார்க்கிறேன், அந்த மூலையில் சிவப்புச் சீட்டும் கருப்புச் சீட்டும் ஒரே நிறம்! ஜெயிக்க வேண்டிய ஆட்டம் தோற்றுப் போனது. மேஜையை ஓங்கிக் குத்தினேன். மேஜைக்கு ஒன்றும் ஆகவில்லை. கை வீங்கியது.

"என்னங்க சத்தம்?"

"சிவப்பு எது கருப்பு எதுன்னே தெரியல!"

"தரையில உட்கார்ந்தா எனக்கும் கருப்பு நூலு எது கருநீலம் எதுன்னு தெரியல. கெட்டுப் போச்சுன்னா தூக்கிப் போட்டுடலாமே?"

தூக்கிப் போட்டுடலாமே! எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் மானிட்டர் கெடாது! குறை வேற எங்கயோ இருக்கு. இன்னிக்குக் கண்டுபிடிக்கறேன்."

"கண்டுபிடிக்கலேன்னா?"

கோபத்தில் பேசுகிறவன் கணக்குப் பார்த்துப் பேசுவதில்லை. நான் பேசினேன்.

"மானிட்டர்ல குறை இருந்தா மானிட்டரைத் தூக்கி வெளியே போடு. மேஜையில குறை இருந்தா மேஜையை நீயே எடுத்துக்கோ. போதுமா?"

"போதும்" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் போதும் என்று சொன்னதே இல்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். கோபத்தில் இருந்ததால் யோசிக்கவில்லை.

முதலில் கேபிளைப் பிடித்தேன். பிடுங்கிப் பார்த்து, திரும்பச் செருகினேன். திரை முழுவதும் மஞ்சளாகிவிட்டது. மானிட்டருக்கு மஞ்சள்காமாலை!

"முன்னைக்கு இது பரவாயில்லையே. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்றாள்.

"பேசாதே!"

கழற்றிப் பார்த்தால், நான் செருகிய வேகத்தில் உள்ளே ஒரு பின் வளைந்து கிடந்தது. நீல நிறம் அந்தப் பின் வழியாகத்தான் வர வேண்டும். அவளுடைய ஹேர்பின்னை வாங்கி நிமிர்த்தினேன். மஞ்சள் போனது. வலது மூலை ஊதா மட்டும் அப்படியே இருந்து என்னைப் பார்த்தது. மானிட்டர் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். படம் குலுங்கியதே தவிர ஊதா நகரவில்லை. மேஜைக்கு வலது பக்கம் ஆணியில் தொங்கிய அவளுடைய வெட்டுத்துணிப் பையில் கை அழுக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த எதிரியைத் தேடினேன்.

அடுத்த எதிரி பக்கத்து வீட்டுக்காரர். அவர் தொட்ட சாமான் எதுவும் பிழைத்ததில்லை என்பதால் தெருவில் அவருக்கு ஃபியூஸ் என்று பெயர். நேரில் மட்டும் சார் சேர்த்துக்கொள்வோம்.

"உங்க மோட்டாரை நிறுத்துங்க சார்! அதனாலதான் என் மானிட்டர் ஊதாவாகுது!"

"மோட்டார் ரிப்பேராகி ஒரு மாசம் ஆச்சே" என்றபடி அவரே வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூலையை உற்றுப் பார்த்தார். "இது காந்தக் கோளாறு சார். டீகாஸ் பண்ணணும்."

"எதைப் பண்ணணும்?"

"டீகாஸ். டியூப்ல காந்தம் ஏறிடுச்சுன்னா இறக்கறது. மெனுவுல இருக்கும், தேடுங்க."

நான் பட்டனைத் தட்டித் தட்டி மெனுவில் தேடினேன். வெளிச்சம், அகலம், உயரம் எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை. ஆத்திரத்தில் கத்தினேன்: "டீகாஸ்! டீகாஸ் எங்கே?"

"காஸ்லதாங்க இருக்கு. கொதிக்கட்டும்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு டம்ளர் டீயும் வந்தது.

"நான் டீயா கேட்டேன்?"

"தெரு முனை வரைக்கும் கேட்டுச்சே, டீ, காஸ்னு."

ஃபியூஸ் சார் டீயை எடுத்துக்கொண்டார். அவர் குடித்து முடிப்பதற்குள் மெனுவின் கடைசியில் அது அகப்பட்டது. அழுத்தினேன். டொய்ங் என்று சத்தம். படம் நடுநடுங்கி நின்றது. ஊதா திரும்பி வந்து அதே மூலையில் உட்கார்ந்தது.

"திருப்புளி கொண்டா! பின்னால திறக்கறேன்!"

"ஐயையோ, வேண்டாம் சார். அணைச்சு வச்சாலும் உள்ள கரண்ட் இருக்கும்" என்று ஃபியூஸ் சாரே பின்வாங்கினார்.

அவள் என் கையிலிருந்து திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டாள். முகத்தில் விளையாட்டே இல்லை. "கரண்ட்ல கையை வச்சுட்டு நிக்காதீங்க. இடத்தை வேணா மாத்திப் பாருங்களேன். ஸ்டோர் ரூம்ல வச்சுப் பாருங்க."

என் உயிர் மேல் அவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது. அது இரண்டாவது தப்பு.

நானும் ஃபியூஸ் சாரும் மானிட்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப்போனோம். ஸ்டோர் ரூமில் ஜன்னல் கிடையாது. பழைய பெட்டிகள், கிழிந்த குடை, ஒரு காலி காஸ் சிலிண்டர். பெட்டி மேல் மானிட்டரை இறக்கி, கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து, வயர்களை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். டொய்ங்.

ஊதா இல்லை! வலது மூலை பளிச்சென்று இருந்தது. சிவப்பு சிவப்பாக, கருப்பு கருப்பாக. எனக்கு வந்த ஆவேசத்தில் வீடே அதிரக் கத்தினேன்.

"பார்த்தியா? பார்த்தியா? மானிட்டர்ல குறையே இல்லை! குறை அந்த மேஜையில! ஃபியூஸ்... சார், நீங்க சாட்சி!"

"சாட்சிதான்" என்றார்.

"எதுல குறை? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

"மேஜையில! மேஜையிலதான்! ஆயிரம் தடவை சொல்வேன்!"

ஆயிரம் தடவை தேவைப்படவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது, ஜன்னல் ஓர மேஜை மேல் தையல் மெஷின் ஏறியிருந்தது. அதன் பின்னால் நிமிர்ந்த முதுகோடு அவள் உட்கார்ந்திருந்தாள். குண்டூசி தீர்ந்துபோகவே, ஆணியில் தொங்கிய வெட்டுத்துணிப் பைக்குள் கையை விட்டாள். வட்டமாக, கருப்பாக, உடம்பெல்லாம் குண்டூசி ஒட்டிக்கொண்டு ஒன்று வெளியே வந்தது.

"அது என்ன?" என்றேன்.

"நீங்க ரிப்பேர் பண்றேன்னு பிரிச்சுப் போட்டு, திரும்பச் சேர்க்கவே இல்லையே, அந்த ஸ்பீக்கர்ல இருந்த காந்தம். சிந்தின ஊசியைப் பொறுக்க ரொம்ப வசதி."

"இதை எப்ப பையில போட்டே?"

"போன வாரம்."

"மானிட்டர் ஊதாவானதும் போன வாரம்!"

"அட, ஆமாங்க!" என்றாள் கண்ணை அகல விரித்து. "ஆனா குறை மேஜையிலதான்னு நீங்கதானே சாட்சி வச்சு நிரூபிச்சீங்க?"

ஃபியூஸ் சார் தலையை ஆட்டினார். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் பக்கம் நின்றது. ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டு அடுக்கினேன். வெளியே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கதவு மெதுவாகத் திறந்தது. ஒரு டம்ளர் உள்ளே நீண்டது.

"டீ இந்தாங்க. காஸ் உங்க பக்கத்துலயே இருக்கு."