ஒற்றைக் கம்பியில் அடித்த மணி

பாம்பன்,
12-9-1956, புதன்.

மகாராஜராஜஸ்ரீ மச்சான் நாகநாதன் அவர்களுக்குத் தங்கசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் என் இருமலும் இங்கே சேமம். அங்கே நீங்களும் அக்காவும், புதிதாக வாங்கிய மயிலைக்காளையும் சேமமாயிருக்கச் சேதுக்கரை சாமி துணை.

வெள்ளிக்கிழமை பரமக்குடியில் எனக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டாரோடு வெற்றிலை மாற்ற நான் வந்தே தீரவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வரத்தான் புறப்பட்டேன். மேஸ்திரி தவசி, "கேபிள்ல எது எந்தக் கம்பின்னு கண்டுபிடிச்சுக் குடுத்துட்டு ஊருக்குப் போலே" என்று காலைக் கட்டிவிட்டார். மண்டபத்திலிருந்து பாம்பனுக்குக் கடலுக்கடியில் வருகிற தந்திக் கேபிள். உள்ளே ஏழு கம்பி, ஏழுக்கும் ஒரே கறுப்புத் துணிச்சுற்று; அந்தக் கரைத் தலைக்கு இந்தக் கரையில் எது வால் என்று செய்தவனுக்கே தெரியாது.

இதற்கொரு யுக்தி உண்டு, மச்சான். மண்டபத்தில் இரண்டிரண்டாக முறுக்கி ஜோடி சேர்த்துவிட்டு, ரயிலேறிப் பாம்பன் வந்து, பாட்டரியும் மணியும் வைத்துத் தொட்டுப் பார்க்கவேண்டும். மணி அடித்தால் அவை ஜோடி. ஒரு கம்பி மட்டும் தனியாக நிற்கும். பிறகு இங்கே ஜோடி மாற்றிக் கட்டி, அங்கே போய் இன்னொரு தரம் பார்த்தால் ஏழும் பிடிபட்டுவிடும். கூட்டாளி சோணைமுத்து சும்மா இருப்பானா? ஜோடிக்கெல்லாம் எங்கள் ஆட்களின் புருஷன் பெண்டாட்டிப் பெயரை வைத்துவிட்டு, "ஒத்தைக் கம்பி நம்ம தங்கசாமிண்ணே" என்று சிரித்தான். முந்தின வருஷம் ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடப் போன இடத்தில் என் பெண்டாட்டி செவ்வந்தியை இந்தக் கடல் கொண்டுபோனது அவனுக்கும் தெரியும். நானும் சிரித்துவைத்தேன், வேறென்ன செய்ய.

பாம்பன் கொட்டகையில் நான் மட்டும். நட்டநடுப் பகல், காற்று நின்றுபோய் ஒரு காக்கைகூட இல்லை. மூன்று ஜோடியும் சமர்த்தாக அடித்தன. மிச்சமிருந்த என் கம்பியில் மணியின் ஒரு முனையை மாட்டி, மறுமுனையை ஈரமணலில் போட்டுவிட்டுப் பீடி பற்றவைத்தேன். மணி அடித்தது. மெதுவாக, விட்டு விட்டு. பீடி மடியில் விழுந்து, வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்த வேட்டி பொத்தலாகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்த தவசியிடம் ஓடினேன்.

"ஏலே, மண்டபத்துல ஒன் கம்பி நுனி தண்ணிக்குள்ள கெடக்கும். இங்கன ஈரமணல். நடுவுல கடல் சேத்துவைக்குது. கடல்தான்லே ஒனக்கு ஜோடி!"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் செவ்வந்தியை நினைத்துப் பயம் பிடித்தது. மூத்தாளுக்குச் சேலை வைத்துப் படைத்தபிறகுதானே இளையாளுக்கு வெற்றிலை மாற்றுவார்கள்? "ஒடம்பே கெடைக்காதவளுக்கு என்னத்துக்குப் படையல்" என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனாலும் மண்டபம் போய்ப் பார்த்தால், மேஸ்திரி சொன்னபடி நுனி தண்ணீரில்தான் கிடந்தது. துடைத்து, காய்ந்த துணி சுற்றி, உத்தரத்து ஆணியில் தொங்கவிட்டு, சோணைமுத்துவைக் காவல் வைத்துத் திரும்பினேன். பயம் தெளிந்தது. வெள்ளிக்கிழமை முதல் வண்டிக்கு வருகிறேன். வேட்டி ஒன்று வாங்கி வையுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், காளைக்கு என் பங்காக ஒரு கை புல்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
தங்கசாமி

பி.கு.: தபாலில் போடுமுன் அந்தக் கம்பியில் மணியை இன்னொரு தரம் மாட்டிப் பார்த்தேன். அடித்தது. சாயங்கால வண்டியில் வந்த சோணைமுத்து, நுனி ஆணியை விட்டு அசையவில்லை, சொட்டு ஈரமில்லை என்று சத்தியம் பண்ணுகிறான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. மச்சான், வெற்றிலை மாற்ற வேண்டாம். பெண் வீட்டாரிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள். வேட்டியும் வேண்டாம். சேலை ஒன்று எடுத்து வையுங்கள். பச்சை ஆகாது, செவ்வந்திக்குப் பிடிக்காது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மணியைக் கழற்ற மனம் வரவில்லை.