சம்பந்தி வீட்டில் வெட்டிய சிப்பாய்

கடலூர் ஓ.டி.,
14-6-1965

பினாங்கில் கடை நடத்தும் என் பிரியமான மச்சான் அப்துல் முத்தலிப் அவர்களுக்கு, நைனா முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே நானும், உங்கள் அக்கா ஆசியா உம்மாளும், மகள் ஜெய்னபும் சுகம். சுகம் என்பது வழக்கத்துக்கு எழுதியது. உங்கள் அக்கா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. காரணம் நீங்கள்தான்.

போன தடவை லீவில் வந்தபோது செஸ்ஸில் எனக்கு ஒரு சட்டம் சொல்லிக் கொடுத்தீர்களே! நம் சிப்பாய் பாதிப் பலகையைத் தாண்டி நிற்கும்போது, எதிராளி தன் சிப்பாயை இரண்டு கட்டம் தாவவிட்டு நம் பக்கத்தில் நிறுத்தினால், அது ஒரு கட்டமே நகர்ந்ததாக வைத்துக்கொண்டு குறுக்கே போய் வெட்டலாம் என்று. நான்கு வருஷமாக அதற்கு ஒரு சந்தர்ப்பம் வாய்க்காமல் ஏங்கிக் கிடந்தேன். வாய்த்தது எங்கே? சிதம்பரத்தில், சம்பந்தியாகப் போகிற ரஹ்மத்துல்லா வீட்டில், ஜெய்னபின் கல்யாணத் தேதி குறிக்கப் போன இடத்தில்.

வெள்ளிக்கிழமை பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை மடியில் சுமந்து பஸ்ஸில் போய் இறங்கினேன். ஜும்ஆ முடிந்து, பிரியாணி முடிந்து, "ஒரு ஆட்டம் ஆடிட்டுத் தேதி பேசுவோமே சம்பந்தி" என்று அவரே பலகையை விரித்தார், மாப்பிள்ளை கை கட்டி நின்று பார்த்தார், சம்பந்தி சிப்பாயைத் தாவவிட்டார், அந்த நேரம் பார்த்து ஏலக்காய் டீ வந்தது, குடித்துக்கொண்டே நான் குதிரையை நகர்த்தினேன், அவர் யானையை நகர்த்தினார், அப்போதுதான் உங்கள் சட்டம் ஞாபகம் வர, டீயை வைத்துவிட்டு ஒரே வெட்டு.

"என்னா இது? ஆளு இங்க நிக்கறான், நீங்க அங்க போய்க் குந்திக்கிட்டு இவனத் தூக்குறீங்க?" என்றார்.

"சட்டம் இருக்குது சம்பந்தி."

"எந்த ஊரு சட்டம்?"

"பினாங்கு."

அங்கேதான் கெட்டது. பக்கத்து வீட்டு ரிடையர்டு வாத்தியார் ஞானசம்பந்தனைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர், "எதிராளிக்குத் தெரியாத சட்டம்னா ஆட்டத்துக்கு முன்னாடியே சொல்லிடணுங்க. நடுவுல பையிலேர்ந்து எடுக்கக் கூடாது" என்றார். எனக்கும் ரோஷம் வந்தது. சிப்பாயைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்றேன். சம்பந்தி பலகையை மடித்தார். "தேதிக்கு என்ன அவசரம், ஹஜ்ஜு மாசம் பாக்கலாம்" என்றார். ஹஜ்ஜு மாசத்துக்கு இன்னும் பத்து மாசம் இருக்கிறது. நான் கொண்டுபோன பலாப்பழத்தை வெட்டக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கள் அக்கா, "ஒரு மரத்துண்டுக்காக மவ வாழ்க்கையவா வெட்டிட்டு வந்தீங்க?" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. ஜெய்னபின் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கிறது.

ஆகவே அந்தச் சட்டம் அச்சடித்த புத்தகத்தை உடனே ரஹ்மத்துல்லா விலாசத்துக்கு அனுப்பவும். அந்தப் பக்கத்தில் சிவப்பு மசியால் கோடு போடவும். நான் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்று சிதம்பரம் முழுக்கத் தெரியவேண்டும். உங்கள் வியாபாரம் பெருகவும், பிள்ளைகள் நோயின்றி வளரவும் துஆச் செய்யும்,

மச்சான் நைனா முகம்மது.

பின்குறிப்பு: ஏர் லெட்டரை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளையிடமிருந்து போஸ்ட்கார்டு வந்துவிட்டது. எழுதியிருப்பது இது: "மாமா, நீங்கள் சொன்ன சட்டம் உண்மைதான். லைப்ரரிப் புத்தகத்தை எடுத்துவந்து வாப்பாவிடம் காட்டினேன். வெட்கப்பட்டுப் பலாப்பழத்தை வெட்டச் சொல்லிவிட்டார். நிக்காஹை அடுத்த மாதமே வைக்கலாம் என்கிறார். உங்களுக்கு மட்டும் ஒன்று: அந்தச் சிப்பாயை உடனே அடுத்த நகர்த்தலில் வெட்டியிருக்க வேண்டும். நீங்கள் நடுவில் குதிரையை நகர்த்திவிட்டீர்கள். புத்தகத்தில் அதைச் சொல்லும் ஒரு வரியை மட்டும் வாப்பா பார்க்காதபடி விரலால் மறைத்துக்கொண்டேன்."

மச்சான், புத்தகம் அனுப்பவேண்டாம். மாப்பிள்ளை தங்கம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் அக்காவும் பேசிவிட்டாள். ஒரே குறை, இவ்வளவு ரகசியத்தைக் கவரில் போடாமல் கார்டில் எழுதிவிட்டார். தபால்காரர் கொளஞ்சியப்பன் கார்டை நீட்டும்போதே சொன்னார்: "குதிரய அவசரப்பட்டு நவுத்திட்டீங்களே, பாய்!"