கேசட்டில் ஓடிய தறி

இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்துக்குச் சேப்பாக்கம் போயே தீருவது என்று தினகரன் முடிவெடுத்துவிட்டான். டிக்கெட்டும் வாங்கியாயிற்று. ஒன்று அவனுக்கு, ஒன்று மச்சான் வீரபாகுவுக்கு. பாக்கி, மனைவி இளவரசியின் சம்மதம். பாகிஸ்தானை ஜெயிப்பது அதைவிடச் சுலபம்.

“முகூர்த்தப் புடவை பாதி தறியில நிக்குது. மேட்ச்சாம் மேட்ச்! அதான் டிவியில காட்றாங்களே?”

“பாக்கறதுக்கா போறாங்க? கத்தறதுக்குமா! அத்தினி பேரும் ஒண்ணா எழுந்து கத்துனா, சிக்ஸரை நாமளே அடிச்ச மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் சிலிர்க்கும்!”

“இங்கயே கத்தேன்.”

“இங்க எப்பிடி? நீ இருக்கியே.”

இளவரசி கொஞ்சம் யோசித்தாள். “நெசமாவே சிலிர்க்குமா?”

“உன் தம்பியக் கேளு. போன மேட்ச்சுல அழுதுட்டான்!”

“சரி சரி. போய்த் தறியில உக்காரு.”

தினகரன் அசரவில்லை. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்டால் போதும், புருஷன் வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். அன்று சாயங்காலமே டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேசட் தீரும்வரை தலை தூக்காமல் நெய்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவ்வளவு ஒழுங்காக நெய்ததே இல்லை.

ஆட்டத்தன்று காலை அவன் குளித்துவிட்டு வந்தபோது சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நல்லதாய்ப் போயிற்று, செருப்புச் சத்தம் அவள் காதில் விழாது! கேசட்டைப் போட்டான். சடக், சடக். சட்டையை மாட்டிக்கொண்டு பின்கட்டு வழியாக நழுவினான். அவன் நெஞ்சு தறியைவிட வேகமாக அடித்தது.

பஸ் ஸ்டாண்டில் வீரபாகுவைக் காணோம். சட்டைப் பையைத் தொட்டான். டிக்கெட்டையும் காணோம்.

மூச்சிரைக்க வீடு திரும்பினால், வாசலில் பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள்.

“இன்னாபா தினகரா, நீ இங்க நிக்கிற, உள்ள தறி ஓடுது?”

“இளவரசி எங்கக்கா?”

“தம்பியோட மெட்ராஸ் பஸ் ஏறப் போய்டுச்சே! மேட்ச்சு பாக்கவாம். பழகிக்கணும்னு தெருமுனை வரைக்கும் கத்திக்கினே போச்சு.”

“அவளுக்கு எப்பிடிக்கா தெரியும்?”

“நீ நெய்யறப்பவே தெரிஞ்சிடுச்சாம். நூல் அறுந்துபோவல, டீ கேக்கல, இந்த ஆளாவது இப்பிடி நெய்யறதாவதுன்னு எட்டிப் பாத்துச்சாம்.”

உள்ளே, கேசட்டில், தினகரன் இன்னும் மும்முரமாக நெய்துகொண்டிருந்தான்.

“இன்னொண்ணும் சொல்லிச்சுபா,” என்றாள் கங்கையம்மாள். “மாவு அரைஞ்சதும் கிரைண்டரை நிறுத்திட்டு, நீயே வழிச்சு வெக்கணுமாம்.”