ஆமை புகாத கிடங்கு

ஒரு காட்டில், புலி போய் செல்போன் டவர் வந்துவிட்ட காலத்தில், ஆவுடையப்பன் என்று ஓர் ஆமை இருந்தார். பரம சாது. பிறந்ததிலிருந்து யாரையும் முந்தியதில்லை. அவருடைய மனைவி காந்திமதிக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். இருவருக்கும் முதுகிலேயே ஆளுக்கொரு படுக்கையறை உண்டு. சமையலறையும் கூடமும் மட்டும் குளக்கரைப் பொந்தில் இருந்தன.

ஒரு நாள் காந்திமதியின் அண்ணன் நல்லசிவத்திடமிருந்து தகவல் வந்தது. மழைக்காலம் முழுக்கத் தங்கச்சி வீட்டில் தங்கப்போகிறாராம். போன வருஷமே கிளம்பிவிட்டாராம். இப்போது பக்கத்து மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறாராம்.

மச்சான் வந்தால் வரட்டுமே, நாலு வாய் சோறு போட்டால் போச்சு என்று நீங்கள் நினைப்பீர்கள். உங்களுக்கு நல்லசிவத்தைத் தெரியாது. கல்யாணப் பந்தியில் பாயசத்தில் முந்திரி இல்லையென்று பாதியில் இலையை மூடி எழுந்தவர் அவர். அந்த ஈரக்கையோடு சபை நடுவே நின்று, இந்த மாப்பிள்ளை என் தங்கச்சியை வைத்துக் காப்பாற்றமாட்டான், என்றைக்காவது நானே வந்து பார்ப்பேன், ஒரு வேளை அடுப்பு அணைந்திருந்தாலும் அவளை முதுகில் ஏற்றிக் கூட்டிப்போய்விடுவேன் என்று சொன்னவர். சொன்னால் செய்கிற ஆள்தான். காந்திமதி இல்லாத பொந்தை ஆவுடையப்பனால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அவள் திட்டாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

ஆக, மழைக்கு முன்னால் பொந்தை நிரப்பியாக வேண்டும். அதற்குக் காட்டில் இரண்டு வழிகள் இருந்தன.

மாதங்கி அம்மாள் என்கிற யானை ஒரு மொத்தக் கிடங்கு நடத்திவந்தாள். வருஷச் சந்தா கட்டி உறுப்பினர் அட்டை வாங்கியவர்கள்தான் உள்ளே போகலாம். விலை என்னவோ அடிமாட்டு விலைதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் நடத்துவது யானை அல்லவா, அவளுக்குச் சின்னதாக எதையும் கொடுக்கத் தெரியாது. புளி என்றால் மூட்டை. பெருங்காயம் என்றால் பாறை. ஒரு சீப்பு வாழைப்பழம் கேட்டால் தோப்பைக் காட்டி வெட்டிக்கொள்ளச் சொல்வாள். ஓர் எலி ஆசைப்பட்டு அட்டை வாங்கி ஒரு தடவை கடுகு எடுத்துவிட்டு, கடுகை வளைக்குள் வைத்துவிட்டுக் குடும்பத்தோடு வெளியே படுத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கம் சுந்தரபாண்டி என்கிற குரங்கு. 'ஒரே தாவு' என்று பெயர் வைத்து வீட்டுக்கே சாமான் அனுப்புகிற வியாபாரம். போனில் தட்டிவிட்டுத் திரும்புவதற்குள் சாமான் வாசலில் இருக்கும். ஆனால் பொட்டலம் உள்ளங்கை அளவுதான். அதற்குப் பைக்குத் தனிக் கட்டணம், தாவுவதற்குத் தனிக் கட்டணம், வானம் இருட்டிக்கொண்டு வந்தால் அதற்கும் ஒரு கட்டணம்.

கிடங்கு அட்டைதான் வேண்டும் என்றாள் காந்திமதி. அண்ணன் பொந்துக்குள் தலையை நீட்டியதுமே மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பது கண்ணில் படவேண்டும் என்பது அவள் கட்சி. கிடங்குக்கு நடந்து போய்த் திரும்புவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும், உட்கார்ந்த இடத்துக்கு வருவதை விட்டுவிட்டு எதற்கு அலைச்சல் என்பது ஆவுடையப்பன் கட்சி. பேச்சு முற்றியதும் அவர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். கோபத்தில் இல்லை. மனசு வருந்தினால் அவருக்குத் தலை தானாக உள்ளே போய்விடும். அது காந்திமதிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

சரி தொலையட்டும் என்று முதலில் ஒரே தாவிலேயே வாங்கிப் பார்த்தார்கள். துவரம்பருப்பு வந்தது, ஒரு கரண்டி சாம்பாருக்குக் காணும். வாழைப்பழம் கேட்டதற்குத் தோல் வந்தது. கேட்டால், பழம் நன்றாக இருக்கிறதா என்று பரிசோதித்துத்தான் அனுப்புவது தங்கள் வழக்கம் என்றார்கள். காந்திமதி ஆசையாகக் கேட்டிருந்த பூச்சரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பெரியவர்கள் அப்போதே சொல்லிவைத்துவிட்டார்கள். தெரிந்தும் கேட்டது அவள் தப்பு. நல்லசிவத்தின் பசிக்கு இதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று ஆவுடையப்பனுக்கே புரிந்துவிட்டது. அட்டை வாங்கிவருகிறேன் என்று மூன்றாம் பிறையன்று புறப்பட்டார். பௌர்ணமியன்று கிடங்கு வாசலை அடைந்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒரு பழமொழி இருக்கிறதில்லையா, அது காட்டில் எறும்பு முதல் யானை வரை எல்லோருக்கும் தெரியும். அது இந்த ஆமையைச் சொன்னதில்லை, கல்லாமை, பொறாமை போன்ற ஆமைகளைச் சொன்னது என்று தமிழ் வாத்தியார்கள் விளக்கம் சொல்வதுண்டு. காட்டில் தமிழ் வாத்தியார் யாரும் இல்லை. அந்தப் பழமொழியைக் கேள்விப்படாதவர் ஆவுடையப்பன் ஒருவர்தான். முகத்துக்கு நேரே யார் போய்ச் சொல்வார்கள்?

மாதங்கி அம்மாளுக்கோ சகுனம், திருஷ்டி, கண்ணேறு எல்லாம் ரொம்ப உண்டு. கிடங்கு வாசலில் தினமும் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுவாள். சாயங்காலம் பசியில் தானே அதைத் தின்றுவிடுவாள், மறுநாள் வேறு கட்டவேண்டியிருக்கும். அப்பேர்ப்பட்டவள், வாசற்படியில் முன்னங்காலைத் தூக்கிவைத்தபடி ஓர் ஆமை நிற்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? பூசணிக்காய் கட்டியபடி இருக்கிறதா என்று அவசரமாகத் தடவிப் பார்த்துக்கொண்டாள். இருந்தாலும் வந்தவரை வா என்று சொல்லாமல் இருக்கமுடியுமா?

"வாங்க அண்ணாச்சி. அங்கேயே நில்லுங்க," என்றாள்.

அட்டை வேண்டும் என்றார் இவர். சிஸ்டம் எடுக்கவில்லை என்றாள் அவள்.

"பரவாயில்லம்மா. எடுக்கட்டும், நிக்கறேன். எனக்கு இன்னும் நூத்தம்பது வருஷம் இருக்கு."

சத்தியமாக வெள்ளை மனசோடுதான் சொன்னார். ஆனால் மாதங்கி அம்மாளின் காதில் அது மிரட்டலாக விழுந்தது. இந்த ஆள் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று முடிவுகட்டிவிட்டாள்.

ஆவுடையப்பன் நின்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த கரடி ஒன்று அவரைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போயிற்று. மான் குடும்பம் ஒன்று பாதி சாமானை உள்ளேயே போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடியது. ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று காவலுக்கு நின்ற காட்டுப்பன்றியிடம் கேட்டார் ஆவுடையப்பன். பன்றிக்கு நாசூக்கு ஏது? பழமொழியை ஒரு எழுத்து விடாமல் சொல்லிவிட்டது.

ஆவுடையப்பனின் தலை உள்ளே போய்விட்டது.

உள்ளே இருட்டில் அவருக்கு அழுகை வந்தது. காட்டில் எத்தனையோ கல்யாணம், காதுகுத்து நடந்திருக்கிறது. ஒன்றுக்கும் அவரைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் நேரத்துக்கு வந்துசேர மாட்டார் என்று விட்டுவிட்டார்கள்போல என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அவர் போகும்போதெல்லாம் கதவு படார் படாரென்று சாத்திக்கொள்வது காற்றினால் இல்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது. இனி இந்தத் தலையை எந்த முகத்தோடு வெளியே நீட்டுவது என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே மாதங்கி அம்மாள் வேறு மாதிரி கணக்குப் போட்டாள். உள்ளே வராமல் இருந்தால் ஒரு மூட்டை அரிசி வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். தலை வெளியே வரவில்லை. பேரத்தில் கெட்டிக்காரர் என்று எண்ணிக்கொண்டு பருப்பையும் சேர்த்தாள். அசையவில்லை. புளி, வெல்லம், நல்லெண்ணெய் என்று கூட்டிக்கொண்டே போனாள். முந்திரிக்கு வந்தபோது அவளுக்கே அழுகை வந்துவிட்டது. கடைசியில் கழுத்து பிடித்துக்கொண்டதால் ஆவுடையப்பன் தலையை நீட்டிப் பார்த்தால், எதிரில் ஒரு குன்று அளவுக்கு மூட்டைகள்.

"எனக்கு அட்டை மட்டும் போதும்மா," என்றார்.

"அதையும் தரேன் அண்ணாச்சி. தங்க அட்டை. காட்டில யாருக்கும் கொடுத்ததில்லை. அதை வச்சிருக்கறவங்க கிடங்குப் பக்கமே வரக்கூடாது, அவ்வளவுதான்."

தங்க அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் நாலு அடி எடுத்துவைப்பதற்குள், எங்கிருந்தோ மூக்கில் வேர்த்து சுந்தரபாண்டி வந்து குதித்தான். கிடங்கை எப்படி மூடவைப்பது என்று அவன் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தான். வழி கண்ணெதிரே நடந்துபோகிறது, அதுவும் இத்தனை மெதுவாக. விடுவானா? அண்ணாச்சி ஒரே ஒரு தடவை கிடங்குக்குள் போய்விட்டு வந்தால் போதும், ஆயுசுக்கும் வீட்டுக்கு இலவசமாகச் சாமான், தாவுகிற கட்டணம்கூடக் கிடையாது என்றான்.

தன்னை ஒரு கொள்ளிவாய்ப் பிசாசு மாதிரி ஏவிவிடப் பார்க்கிறானே என்று ஆவுடையப்பனுக்கு மறுபடியும் மனசு வலித்தது. மறுபடியும் தலை உள்ளே போயிற்று. குரங்கும் அதைப் பேரம் என்றே நினைத்துக்கொண்டான். பழத்தைத் தின்னாமல் அனுப்புவோம் என்று ஏற்றினான். பூவைத் தொடாமல் அனுப்புவோம் என்றுகூட ஏற்றிவிட்டான். குரங்கு ஜாதி அதற்கு மேல் ஏறமுடியாது.

யானைக்குக் காது சின்னதா என்ன? அத்தனையும் கேட்டுவிட்டது. மாதங்கி அம்மாள் தடதடவென்று வந்து ஆவுடையப்பனைத் தும்பிக்கையால் வளைத்துத் தூக்கி, சுந்தரபாண்டியின் அலுவலகம் இருந்த நாவல்மரத்துக் கிளைக்கு நேராகப் பிடித்தாள்.

"ஆமை மரம் ஏறாதுங்கற தைரியத்துலதானே பேசறே? நான் ஏத்தறேன் பாரு."

குரங்கு காலைப் பிடித்துக்கொண்டான். யானையின் கால், பிடிக்க நிறையவே இருந்தது. இவர்கள் பேசித் தீர்க்கிறவரை ஆவுடையப்பன் அந்தரத்தில் இருந்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மொத்தக் காட்டையும் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. அதில் எந்த வீட்டுக்குள்ளும் தன்னால் போகமுடியாது என்பதுதான் துக்கமாக இருந்தது.

முடிவில் ஒப்பந்தம் ஆயிற்று. சாமான் கிடங்கிலிருந்து போகும், குரங்குகள் சுமந்துபோகும், யாரும் ஒரு காசு வாங்கக்கூடாது. ஆவுடையப்பன் கிடங்கையும் மிதிக்கமாட்டார், மரத்தையும் மிதிக்கமாட்டார். அட்டையா, டெலிவரியா என்று காடே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது இரண்டையும் சேர்த்து வாங்கியவர் அவர் ஒருவர்தான். அன்றைக்கு மூட்டைகளோடு அவரையும் ஒரு மூட்டையாகத் தூக்கிவந்து வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

காந்திமதியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். அவள் ஒரு மூட்டையை அவிழ்த்து உலை வைத்தாள். பிறகு, ஊர் நம்மை வேண்டாம் என்கிறது, சாமானையாவது அனுப்புகிறதே, எழுந்து வந்து சாப்பிடுங்கள் என்றாள். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தையும் திட்டாததால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தூறல் விழுந்த அன்று நல்லசிவம் வந்துசேர்ந்தார். கால் கழுவுவதற்கு முன்பே சமையலறையில் தலையை நீட்டினார். கூரை முட்ட மூட்டைகள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாயசத்தில் முந்திரி மிதந்தது. அவர் அத்தனை முந்திரியையும் எடுத்துப் பார்த்தார், சொத்தை ஒன்றுகூட இல்லை. ஆவுடையப்பன் கதவோரம் நின்றார்.

நல்லசிவம் சாப்பிட்டார். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். ஆமைக்கு மூன்று நாள் என்பது பாயில் உட்காருகிற நேரம். மழைக்காலம் வந்தது, போனது. பனி வந்தது, போனது. ஆவுடையப்பன் உட்காரும் பாய் அவருடையதாயிற்று. ஆவுடையப்பனின் தட்டும் அவருடையதாயிற்று. காந்திமதிக்கு அடுப்படியை விட்டு நகர நேரமில்லை, புருஷனைத் திட்டக்கூட வாய் ஒழியவில்லை. குரங்குகள் ஒருநாள் விட்டு ஒருநாள் மூட்டை சுமந்து இளைத்துப்போயின. ஆவுடையப்பன் அவற்றைவிட இளைத்து, ஓட்டுக்குள் லொடலொடவென்று ஆடினார்.

ஒரு நாள் நல்லசிவம் வயிற்றைத் தடவிக்கொண்டு கூப்பிட்டார்.

"மாப்ளே, உங்களை நான் தப்பா நினைச்சுட்டேன். தங்கச்சியைக் கூட்டிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். இப்பப் பார்த்தா அதுக்கு அவசியமே இல்லை. நானே இங்க இருந்துக்கறேன்."

ஆவுடையப்பன் தலையை உள்ளே இழுக்கப் பார்த்தார். கழுத்து பாதியிலேயே நின்றுவிட்டது. ஊர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை என்று அவருக்கு அப்போது தோன்றிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு குளக்கரைக்கு வந்து, மாதங்கி அம்மாளைக் கூப்பிட்டார். சாமான் ஏதும் குறைகிறதா அண்ணாச்சி என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள். அதெல்லாம் இல்லை என்றார்.

"வீட்டுக்குள்ள ஓர் ஆமை புகுந்துருச்சும்மா. வெளிய அனுப்ப என்ன செய்யணும்?"



"அது தெரிஞ்சா," என்றாள் மாதங்கி அம்மாள், "நான் எதுக்கு அண்ணாச்சி உங்களுக்கு மூட்டை மூட்டையா அனுப்பிட்டிருக்கேன்?"

நீதி: சாமானை மொத்தமாகப் போய் வாங்குவதா, வீட்டுக்கு வரவழைப்பதா என்பது அவரவர் வசதி, மச்சான் எப்படியும் மொத்தமாக, வீட்டுக்கே, இலவசமாக வந்துசேருவார், ஆனால் ரிட்டர்ன் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.