வரிசையில் வந்த சால்வை

சிகந்தராபாத்தில் வரிசை என்று ஒன்று உண்டானதே லைன் சார் பிறந்த பிறகுதான். அதற்கு முன் இங்கே இருந்தது கும்பல். இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் எனக்குப் பின்னால் வந்து நிற்கலாம்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் பேட்டையில் யாருக்குமே தெரியாது. ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னால் நின்றவர்கள் எல்லாம் முடிக்கட்டும் என்று காத்திருந்ததில் வயதாகிவிட்டது என்பது என் அப்பாவின் அனுமானம். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவான உயரம். தோளில் ஒரு காக்கிப் பை. அதற்குள் ஒரு குடை, ஒரு ஜெபமாலை, ஒரு பொட்டலம் உப்பு பிஸ்கட். இந்தத் தளவாடங்களோடு அவர் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். சர்க்கரைக்கு, மண்ணெண்ணெய்க்கு, பாலுக்கு, ரயில் டிக்கெட்டுக்கு, ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு. இதில் ஒன்றுகூடத் தனக்காக அல்ல. காலில் கட்டுப் போட்டவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், ஷிப்டை விட்டு வர முடியாதவர்கள், எழுதப் படிக்கத் தெரியாததால் ஜன்னலைக் கண்டாலே பின்வாங்குகிறவர்கள், இவர்களுக்காக நிற்பார். பதிலுக்கு ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். டீ குடித்தால் நடுவில் ஒதுங்கப் போக வேண்டியிருக்கும், இடம் போய்விடும்.

வேலையில் இருந்த காலத்தில் லீவு லெட்டரில் பொய் எழுதத் தெரியாமல் ஆபீஸர்களைத் திணறடித்தார். ‘மேற்படி தேதியில் ரேஷன் கடையில் நிற்க வேண்டியிருப்பதால் ஒரு நாள் விடுப்புத் தரும்படி வேண்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுப்பாராம். ஆபீஸர் கூப்பிட்டு, “ஏன்யா, எல்லாரையும் மாதிரி வயித்து வலின்னு எழுதக் கூடாதா?” என்று கேட்டிருக்கிறார்.

“வயிறு நல்லா இருக்கு சார். நாலு மணி நேரம் நிக்கணும்னா அதுதான் முதல்ல நல்லா இருக்கணும்” என்றாராம் இவர்.

அவர் நிற்கிற வரிசையில் அவர் வைத்ததுதான் சட்டம். மண்ணெண்ணெய்க் கடையில் ஒருவர் தன் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார். ஊரெல்லாம் இருந்த வழக்கம்தான் அது. கல், கிழிந்த கூடை, ஒற்றைச் செருப்பு என்று எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். அவர் திரும்பி வந்தபோது லைன் சார் செங்கல்லுக்கு எதிரே குனிந்து நின்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“என்ன சார் பண்றீங்க?”

“பேர் கேக்கறேன். அரை மணி நேரமாச்சு, சொல்ல மாட்டேங்குது. வீட்ல அடுப்பு எரியலன்னா அதுக்குப் பசிக்குமான்னு கேட்டேன். அதுக்கும் பதில் இல்ல.”

வரிசை முழுக்கச் சிரித்தது. செங்கல்காரர் தானே அதைத் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போனார்.

தேவை இல்லாமல் நிற்கிறவர்களையும் அவர் விடமாட்டார். வரிசை என்று ஒன்றைக் கண்டால் முதலில் நின்றுவிட்டு, பிறகு என்ன தருகிறார்கள் என்று விசாரிக்கிற காலம் அது. லைன் சார் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வருவார். “உங்க வீட்ல சர்க்கரை இருக்கா?” இருக்கிறது என்று வாய் தவறிச் சொன்னால் முடிந்தது. முழங்கையைப் பிடித்து, மாப்பிள்ளையை அழைத்துப் போகிற மரியாதையோடு, வரிசைக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு வருவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் பால் பூத்தில் உருவானது. ஒரு நாள் காலை ஒரு பயில்வான் நேராக ஜன்னலுக்குப் போய்விட்டார். மண்ணில் புரண்டு குஸ்தி போடுகிற நிஜப் பயில்வான். கழுத்தும் தலையும் ஒரே அகலம். லைன் சார் அவருடைய மார்பைப் பார்த்து, “முன்னாடி போகணுமா சாப்?” என்று கேட்டார். பேச்சு உருதுவில்தான் நடந்தது. நான் தமிழில் தருகிறேன்.

“ஹவ்” என்றார் பயில்வான். ஆமாம் என்பதற்கு இந்த ஊரில் அதுதான் சொல்.

“தாராளமா போங்க. யார் யாரைத் தாண்டிப் போறீங்கன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.” பயில்வானின் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு வரிசையின் தலையிலிருந்து அறிமுகத்தை ஆரம்பித்தார். “இவங்க மேரியம்மா. முழங்கால்ல ஆபரேஷன். இவர் ரெட்டி காரு. ஆறே கால் பஸ்ஸைப் பிடிச்சுப் பட்டான்செரு கெமிக்கல் கம்பெனிக்குப் போகணும். இவங்க ஹாஜிரா பீ, வீட்டுக்காரருக்குப் பாலைத் தவிர ஒண்ணும் இறங்கல. ஒவ்வொருத்தரா கேளுங்க. எல்லாரும் சரின்னா போங்க. ஒரே ஒருத்தர் நக்கோன்னு சொன்னாலும் கடைசிக்கு வந்திரணும்.”

நக்கோ என்றால் வேண்டாம். அதைச் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை. ஆனால் ஐந்தாவது ஆளிடம் வந்தபோது பயில்வானுக்கே தன் குரல் கேட்கவில்லை. ஆறாவது ஆளுக்கு முன்னால் தலையைக் குனிந்தபடி கடைசிக்குப் போய்விட்டார். போனவர் அங்கே ஒரு செருப்பு இருப்பதைக் கண்டு, “யே கோன் ஹை?”, இது யார் என்று அதட்டினார். சட்டம் வேர் பிடித்துவிட்டது.

இப்போது என் கதைக்கு வர வேண்டும். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், வெள்ளையடிக்காமல் வெளியே வந்த முதல் ஆள் நான். தாத்தாவும் அப்பாவும் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து சுண்ணாம்பு வாளியோடு எல்லாப் பள்ளிகளுக்குள்ளும் போயிருக்கிறார்கள். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஃபாரம் கொடுக்கிற நாளன்று, போலாரம் பட்டாளத்துக் கட்டடங்களை ஏதோ ஜெனரல் பார்வையிட வருகிறார் என்று அப்பாவுக்கு லீவு இல்லை. லைன் சார் வீட்டுச் சுவருக்கு எப்போதோ வெள்ளையடித்த பழக்கத்தில் அவரிடம் போய் நின்றிருக்கிறார். “படிக்கிறது பையன் பாடு, நிக்கிறது என் பாடு. நீங்க போய்ச் சுண்ணாம்பு அடிங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்துகிற அந்தப் பள்ளியில் அவரும் படித்தவர்தான். உயர வாரியாக நிறுத்தும் பிரேயரில் பத்து வருஷமும் முதல் ஆள். வாழ்க்கையில் அவர் முதலாவதாக நின்றது அங்கே மட்டும்தான்.

ஆகவே, பழைய மாணவர் சங்கத்துக்கு நான் இணைச் செயலாளர் ஆன வருஷம், வாழ்நாள் முழுக்கச் சமூக சேவை செய்த பழைய மாணவர்களுக்குச் சால்வை போர்த்தலாம் என்று பேச்சு வந்தபோது அவர் பெயரைச் சொன்னேன். இலவசமாக வைத்தியம் பார்க்கிற டாக்டர் இருந்தார், தொழுநோய் விடுதி நடத்துகிறவர் இருந்தார். கமிட்டியில் ஒருவர், “நிக்கிறதெல்லாம் ஒரு சர்வீஸாப்பா?” என்றார். “நீங்க ஒரு தடவை நின்னு பாருங்க சார்” என்றேன். எனக்கு அவ்வளவு கோபம் வரும் என்று எனக்கே தெரியாது. மூன்று கூட்டம் போராடி அவர் பெயரைச் சேர்த்தேன். அவரை மேடையில் உட்காரவைப்பது என் பொறுப்பு என்று எழுத்தில் கொடுத்தேன்.

அழைப்பிதழில் போட முழுப் பெயர் கேட்டேன். “லைன் சார்னே போடு. ரேஷன் கார்டுல இருக்கிற பேருக்கு ரேஷன் மட்டும்தான் வரும்” என்றார். பிறகு மற்றப் பெயர்களைப் படித்துப் பார்த்து, “டாக்டர் எனக்கு ரெண்டு வருஷம் சீனியர். அவரை மேல ஏத்து” என்றார்.

விழா சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அன்று பள்ளிக்கு விடுமுறை என்பதைப் பார்த்துத்தான் நான் தேதி குறித்தேன். விடுமுறை என்பதால்தான் ஒன்றாம் வகுப்புக்கு ஃபாரம் கொடுக்கவும் ஆபீஸ் அதே நாளைக் குறித்திருந்தது. அதை நான் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்கு மேடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது நாற்காலி காலி. பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஐம்பத்தாறு பேர் நின்ற வரிசையில் முப்பத்தொன்பதாவது ஆளாக, காக்கிப் பையோடு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு லைன் சார் நின்றார். ஃபாரம் மொத்தம் நாற்பது.

“சார், உள்ள உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க.”

“தெரியும்பா. அதான் சட்டைகூட மாத்திக்கிட்டு வந்தேன். எங்க ஃபேக்டரி கேன்டீன்ல பாத்திரம் கழுவுற ராஜம்மா காலைல ஆறு மணிக்கு ஓடி வந்துச்சு. லீவு தரலையாம். அதோட பையனுக்கு நிக்கிறேன்.”

“நீங்க போங்க சார். இந்த இடத்துல நான் நிக்கிறேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “ராஜம்மாவுக்கு ஷிப்டு, அதனால நான் நிக்கலாம். எனக்குக் கால் ஒடிஞ்சிருக்கா? நல்லா இருக்கிற ஆளு சால்வை வாங்கிக்கப் போறதுக்காக அவன் இடத்துல இன்னொருத்தனை வெச்சா அதுக்குப் பேர் என்ன?”

நான் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

“செங்கல்” என்றார்.

உள்ளே போய்ப் பிரின்சிபால் ஃபாதரிடம் சொன்னேன். தூத்துக்குடிக்காரர், நல்ல மனுஷர். “இவ்வளவுதானே” என்று சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே டாக்டர், கமிட்டி, சபையில் பாதி.

“சார், அந்தம்மா பையனுக்கு ஃபாரம் நான் தரேன். நீங்க உள்ள வாங்க” என்றார் ஃபாதர்.

“நீங்க தருவீங்க ஃபாதர். எனக்குப் பின்னாடி நிக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?”

“சரி, அப்ப இங்கயே போத்திடறேன்” என்று ஃபாதர் சால்வையை விரித்துக்கொண்டு நடுவில் நுழையப் போனார்.

“ஃபாதர்” என்றார் லைன் சார், மிகவும் பணிவாக. “லைன்.”

வரிசையில் தாண்டிப் போக வேண்டுமானால் எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்ற சட்டத்தை நான்தான் ஃபாதருக்கு விளக்கினேன். என் வேட்டி வியர்வையில் நனைந்துவிட்டது. ஃபாதர் சிரித்துக்கொண்டே முதல் ஆளிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். பன்னிரண்டாவது இடத்தில் ஒரு பெரிய கழுத்து. பேரனுக்காக நின்றுகொண்டிருந்த நம் பயில்வான்.

ஃபாதர் கேட்டார். பயில்வான் யோசித்தார். லைன் சாரைப் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு, “நக்கோ ஃபாதர்” என்றார். “கடைசியிலே அவ்வளவு கஷ்டமா இருக்காது. நான் போயிருக்கேன்.”

ஃபாதர் வரிசையின் நீளத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போய் ஐம்பத்தேழாவது ஆளாக நின்றார். என் செயலாளர் பதவி அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஜன்னல் திறந்தது. ஃபாதர் தன் பள்ளியின் வரிசையைப் பின்னாலிருந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். முன்னால் நின்ற ஆட்டோக்காரரிடம் பேசினார். அவருக்கு முன்னால் நின்ற நர்ஸம்மாவிடம் பேசினார். அரை மணி கழித்து என்னைக் கூப்பிட்டார். “நாப்பதுக்கு மேல நிக்கிறவங்களுக்குக் கிடைக்காதாமே?”

“ஆமா ஃபாதர். வருஷா வருஷம் அப்படித்தான்.”

“ஆபீஸ்ல போய் இன்னும் இருபது ஃபாரம் சைக்ளோஸ்டைல் எடுக்கச் சொல்லு. இவங்களையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடலாம். நிக்க வெச்சுட்டுத் திருப்பி அனுப்புறது நல்லா இல்லப்பா.”

மை காயாத அந்தக் காகிதங்களை நான்தான் எடுத்து வந்தேன். அதற்குள் லைன் சார் ஜன்னலை அடைந்து ராஜம்மாவின் பையனுக்கு ஃபாரம் வாங்கிவிட்டார். நேராக ஃபாதரிடம் வருவார் என்று எல்லோரும் பார்த்தோம். அவர் வரிசை நெடுகப் பின்னோக்கி நடந்து போய், ஃபாதருக்குப் பின்னால், கடைசி ஆளாக நின்றார்.

“ஃபாதர், கொஞ்சம் திரும்பறீங்களா?”

ஃபாதர் திரும்பினார். சால்வையைப் போர்த்தினார். அது லைன் சாரின் கணுக்கால்வரை வந்தது. வரிசையிலிருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். ஒருவரும் இடத்தை விட்டு நகரவில்லை. பேரனுடைய ஃபாரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு பயில்வான் தட்டிய தட்டு மட்டும் தனியாகக் கேட்டது.

மத்தியானம் ஷிப்டு முடிந்து ராஜம்மா மூச்சிரைக்க வந்தார். லைன் சார் சால்வையைப் பிரித்து, கசங்காமல் அதற்குள் சுருட்டி வைத்திருந்த ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தார். பையன் இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கிறான். பிரேயரில் முதல் ஆள் அவன் இல்லை, நல்ல உயரம்.

லைன் சாருக்கு இப்போது முட்டி வலி. நிற்பதைக் குறைத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் மண்ணெண்ணெய்க் கடைக்கு மட்டும் யாருக்காவது நிற்கிறார். சால்வையை நாலாக மடித்து வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்கிறார். நானும் வாரம் தவறாமல் காலி டின்னோடு போய் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். ஊர்க் கதைகள் பேசுவோம், எனக்கு இரண்டு உப்பு பிஸ்கட் கிடைக்கும். எங்கள் வீட்டுக்குக் கேஸ் வந்து ஒரு வருஷமாகிறது. அதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால் முழங்கையைப் பிடித்து வெளியே நிறுத்திவிடுவார்.